மூளைக்கு முந்திய கால்கள்

மனித குலத்தின் தொடக்கத்தில் முதலில் வந்தது பெரிய மூளையா, நிமிர்ந்த நடையா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அறிஞர்களில் பலர் மூளையே முந்தியது என்று நம்பினர். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட எலும்புகள் அந்த நம்பிக்கைக்கு அப்படியே பொருந்தின: மண்டையோடு மனிதச் சாயல், தாடை குரங்குச் சாயல். அதனால்தான் 1925 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கின் உடற்கூற்றியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் தாவுங் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோடு அவருடைய சான்று. அதன் மூளை வாலில்லாக் குரங்கின் அளவே; ஆனால் கோரைப்பற்கள் சிறியவை. தண்டுவடம் நுழையும் துளையோ மண்டையின் பின்பக்கம் ஒதுங்காமல் அடிப்பக்கத்தில் முன்தள்ளி இருந்தது. தலை முதுகெலும்பின் உச்சியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தால்தான் அத்துளை அங்கே அமையும் என்றார் டார்ட்.

எதிர்த்தவர்களின் வாதம் அற்பமானதல்ல. வாலில்லாக் குரங்குகளின் குட்டிகளும் இளவயதில் மனிதச் சாயல் காட்டும், வளர வளர அது மறையும்; ஒரு குழந்தையின் மண்டையை மட்டும் வைத்து மனித வம்சத்தைத் தீர்மானிக்க முடியாது என்றனர். வளர்ந்த உயிரின் எலும்பு மட்டுமே இதற்குப் பதிலாக முடியும். தொல்லுயிரியலாளர் ராபர்ட் புரூம் 1936இலும் 1947இலும் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகளில் அதைக் கண்டெடுத்தார்: சிறிய மூளை கொண்ட முழு வளர்ச்சியடைந்த மண்டையோடுகள், கூடவே மனிதனுடையதை ஒத்த அகன்ற இடுப்பெலும்பு. டார்ட்டைக் கடுமையாக மறுத்த ஆர்தர் கீத் 1947இல் அவர் பக்கமே உண்மை என்று ஒப்புக்கொண்டார். 1953இல் பில்ட்டவுனும் சரிந்தது: அது இன்றைய மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பற்களை அராவி, சாயமேற்றிச் செய்த மோசடி. ஏற்கெனவே நம்பியதையே சான்று சொன்னதால் அதைச் சோதிக்க நாற்பது ஆண்டுகள் தாமதித்தார்கள் என்பது இந்த வரலாற்றின் வேதனையான பகுதி.

எத்தியோப்பியாவின் ஹடாரில் 1973இல் ஒரு முழங்கால் மூட்டும், மறு ஆண்டு 'லூசி' என்ற 32 லட்சம் ஆண்டு பழமையான எலும்புக்கூடும் கிடைத்தபின் விவாதம் வேறு திசையில் திரும்பியது. விரலெலும்புகள் வளைந்திருக்கின்றன, ஆகவே இந்த இனம் மரத்திலேயே வாழ்ந்தது என்றனர் சிலர். மரமேறியிருக்கலாம், அதனால் நடை இல்லையென்று ஆகிவிடாது. வளைந்த விரல் மூதாதையரிடமிருந்து எஞ்சியும் வரலாம். ஆனால் ஹடார் முழங்காலில் தெரியும் தொடையெலும்பின் உட்சாய்வு அப்படி எஞ்சுவதல்ல. வளரும் வயதில் நடந்து நடந்துதான் அது உருவாகிறது. நடக்க இயலாத மனிதக் குழந்தைகளிடம் அது உருவாவதில்லை. தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழு 1978இல் கண்டறிந்த காலடித் தடங்கள் ஐயத்துக்கு இன்னும் குறைவான இடமே விட்டன. ஈர எரிமலைச் சாம்பலில் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பதிந்த அத்தடங்களில் பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே வரிசையில் இருக்கிறது.

கருவி செய்யக் கை தேவைப்பட்டதே நடைக்குக் காரணம் என்ற டார்வினின் 1871ஆம் ஆண்டுக் கருத்தும் இந்தக் கால வரிசைக்கு ஒத்துவரவில்லை. இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கற்கருவிகள் கென்யாவின் லோமெக்வியில் கிடைத்தவை. வயது 33 லட்சம் ஆண்டு; லேட்டோலித் தடங்களுக்குப் பிந்தியவை. பழைய எலும்புகள் மிகக் குறைவு, நாளை பெரிய மூளை கொண்ட ஒன்று கிடைக்காதா என்று கேட்கலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் கிடைத்த அக்கால மண்டையோடுகள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 1000 கன சென்டிமீட்டரைத் தாண்டிய மூளை, லேட்டோலித் தடங்களுக்கு இருபது லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகே தோன்றுகிறது.