சிங்கப்பூர் மாதர் மன்றமும் மாதர் சாசனமும்



1950-ஆம் ஆண்டு வாக்கில் சிங்கப்பூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு மாதிடம், "நீ இன்னாருடைய மனைவி என்பதற்கு அத்தாட்சி என்னம்மா?" என்று யாராவது கேட்டிருந்தால் அவர் என்ன காட்டியிருப்பார்? தமிழ்ப் பெண்ணாயின் கழுத்திலிருந்த தாலியைக் காட்டியிருப்பார். சீனப் பெண்ணாயின் மாமன் மாமிக்குத் தேநீர் கொடுத்து வணங்கிய சடங்கைச் சொல்லியிருப்பார். கையில் தாள் என்று ஒன்றும் பெரும்பாலும் இராது. கிறிஸ்தவத் திருமணங்களுக்கும், விரும்பிச் செய்துகொள்ளும் பதிவுத் திருமணங்களுக்கும் சட்டம் இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோரின் திருமணங்களை ஆங்கிலேய அரசாங்கம் அவரவர் வழக்கத்துக்கே விட்டுவிட்டது.

வழக்கத்துக்கு விட்டதன் பொருள் என்னவென்றால், கணவன் இரண்டாவது, மூன்றாவது மனைவியைக் கொண்டுவந்தாலும் சட்டம் வாய் திறக்காது என்பதே. 1908-ஆம் ஆண்டில் இங்கே தீர்ப்பான 'ஆறு விதவைகள் வழக்கு' சட்டம் பயின்றோர் அனைவரும் அறிந்தது. செல்வரான சீனர் ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவியர் என்று ஆறு பெண்கள் சொத்துக்கு உரிமை கோரி நீதிமன்றம் ஏறினார்கள். சீனரிடையே பலதார மணம் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அன்று தொடங்கி அரை நூற்றாண்டுக் காலம் அதுவே வழிகாட்டியாயிற்று. விதவையருக்கு அது ஒருவகையில் பாதுகாப்புத்தான். ஆனால் கணவன் உயிரோடு இருக்கும்போது கைவிடப்பட்டவளுக்கு அதனால் என்ன பயன்?

நம்மவர் நிலை இன்னும் விசித்திரமானது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டிலேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் இந்தியா முழுமைக்கும் அதையே விதித்தது. ஆனால் கடல் கடந்து இங்கு வந்தவர், ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழத் தலைப்பட்டால், அவரைத் தடுக்கச் சிங்கப்பூரில் சட்டம் இல்லை. ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருந்த மனைவியும் ஏமாந்தாள். இங்கே உடன் வாழ்ந்தவளும் உறுதி இல்லாமலேயே வாழ்ந்தாள்.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டதுதான் சிங்கப்பூர் மாதர் மன்றம். 1952-ஆம் ஆண்டில் அது அமைந்தது. பல இனப் பெண்களும் ஒரே அமைப்பில் சேர்ந்து, தான தருமத்தோடு நில்லாமல் சட்டத்தையே மாற்றவேண்டும் என்று கேட்டது இந்தத் தீவுக்குப் புதிது. அதற்கு முன்பும் மாதர் சங்கங்கள் இல்லாமலில்லை. ஆதரவற்றோருக்கு உணவும் உடையும் அவை கொடுத்தன. அடிபட்டு வந்தவளுக்கு மருந்து போடலாம், அடிப்பவனைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதே மன்றத்தாரின் கேள்வி.

மன்றத்தின் செயலாளராக இருந்து அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஷிரின் ஃபோஸ்தார் அம்மையார். 1905-இல் பம்பாயில் பாரசீகப் பெற்றோருக்குப் பிறந்தவர், பஹாய் சமயத்தினர். மருத்துவரான கணவருடன் 1950-இல் இங்கு வந்தார். வந்த இரண்டே ஆண்டுகளில் ஊர்ப் பெண்களை ஒன்றுதிரட்டினார் என்றால் அவருடைய ஊக்கத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மேடையில் அவர் பேச்சு சுளீரென்றிருக்கும். அதனால் அவருக்குப் பகைவரும் உண்டு.

தொடக்கத்திலிருந்தே உடன் நின்றவர்களில் இருவரைக் குறிப்பிடவேண்டும். ஒருவர் எலிசபெத் சோய். ஜப்பானிய இராணுவக் காவலரிடம் ஏறத்தாழ 200 நாட்கள் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகியும் மனம் தளராதவர். 1951-இல் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்களில் ஒருவர். மற்றவர் சே ஸஹாரா. 1947-இலேயே மலாய் மாதர் நல அமைப்பைத் தொடங்கி, போக்கிடமற்ற பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர். முஸ்லிம் பெண்களிடையே மணமுறிவு அக்காலத்தில் மிகச் சாதாரணமாக நிகழ்ந்தது. அதன் துயரத்தைத் தம் வீட்டுக்குள்ளேயே கண்டவர் அவர்.

மன்றத்தார் செய்த வேலை பெரும்பாலும் கடிதம் எழுதுவதுதான். ஆளுநருக்கு எழுதினார்கள், சட்டசபை உறுப்பினர்களுக்கு எழுதினார்கள், கட்சிகளுக்கு எழுதினார்கள். மனுக்கள் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகளில் வாதாடினார்கள். வழக்கத்திலும் சமயத்திலும் தலையிடுவதற்கில்லை என்பதே அரசாங்கத் தரப்பின் வழக்கமான பதில். முதல் பலன் 1957-ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்டத்தோடு வந்தது. அதன்படி 1958-இல் ஷரியா நீதிமன்றம் ஏற்பட்டது. இருவரும் ஒப்பாத மணவிலக்குகள் அந்த மன்றத்தின் விசாரணைக்கு வரலாயின.

மற்ற சமூகத்தாருக்கு வழி திறந்தது தேர்தல். 1959-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடுப்படியில் இருந்த பெண்களும் வாக்குச்சாவடிக்கு வந்தே ஆகவேண்டும்! அவர்களுடைய வாக்கின் மதிப்பைக் கட்சிகள் உணர்ந்தன. மக்கள் செயல் கட்சி 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற கொள்கையைத் தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது. கட்சிக்குள் இதற்காக வாதாடியவர் சான் சோய் சியோங் அம்மையார். 51 இடங்களில் 43-ஐ அக்கட்சி வென்றது. அந்தத் தேர்தலில் ஐந்து பெண்கள் சட்டமன்றம் புகுந்தார்கள்.

1960-ஆம் ஆண்டில் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் சட்ட அமைச்சர் கே. எம். பெர்ன். தெரிவுக் குழு அதை ஆராய்ந்தது. 1961-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் மாதர் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் யாவும் பதிவு செய்யப்படவேண்டும். ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணந்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். முதல் திருமணம் எந்த நாட்டில், எந்த வழக்கப்படி நடந்திருந்தாலும் சரி! ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்ற கணக்குக்கு அத்தோடு முற்றுப்புள்ளி விழுந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் ஜீவனாம்சம் கிடைக்க வழியுண்டாயிற்று. கணவனும் மனைவியும் குடும்பத்தை நடத்துவதில் சம உரிமையுடையவர்கள் என்றும், மனைவி தன் பெயரையும் தொழிலையும் தானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சாசனம் எழுதிவைத்தது.

அதற்கு முன்பே நடந்துவிட்ட பலதார மணங்களை அது குலைக்கவில்லை. குலைத்திருந்தால் இரண்டாம் மனைவியும் அவள் குழந்தைகளும் அல்லவா தெருவுக்கு வந்திருப்பார்கள்? இது நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு இத்தகைய சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982-இல்தான் நடப்புக்கு வந்தது. அங்கிருக்கும் நம் உறவினருடன் ஒப்பிட்டால் இங்குள்ள பெண்கள் இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

சாசனத்துக்குப் பிறகு மன்றம் என்னவாயிற்று? எண்ணியது கைகூடியதும் பலர் ஒதுங்கினார்கள். ஃபோஸ்தார் அம்மையாரும் 1961-இல் தாய்லாந்து சென்று, வறுமைப்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டார். தலைவி இல்லாத மன்றம் தளர்ந்தது. 1971-ஆம் ஆண்டில் சங்கங்களின் பதிவேட்டிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. மாதர் அமைப்புகளை ஒன்றுசேர்க்கும் கூட்டு அமைப்பொன்று மறுபடி தோன்ற 1980 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அம்மையார் பின்னர் சிங்கப்பூருக்கே திரும்பி, 1992-இல் இங்கேயே காலமானார்.