வைக்கோல் தொப்பியின் முதற்பிரதிகள்

எய்ச்சிரோ ஓடாவின் 'வன் பீஸ்' என்ற யப்பானிய மங்கா 1997 ஜூலையில் 'ஷோனென் ஜம்ப்' வார சஞ்சிகையில் தொடராக ஆரம்பித்தது. ஆனால் அதன் நாயகன் லூஃபி அதற்கு ஓராண்டு முன்னரே பிறந்துவிட்டான் என்பதை அத்தொடரின் பழைய வாசகர்கள் அறிவர்.

1996இல் 'றோமான்ஸ் டோன்' என்ற ஒரே தலைப்பில் இரு தனிக்கதைகளை ஓடா வெளியிட்டார். கடற்கொள்ளையனாக விரும்பும், இறப்பர் போல் நீளும் உடல் கொண்ட லூஃபி இரண்டிலும் உண்டு. வேறுபாடு அவனது வைக்கோல் தொப்பியிலே தொடங்குகிறது. முதற்கதையில் அதைக் கொடுப்பவர் ஷாங்ஸ். இரண்டாவதில் கடற்கொள்ளையரான பாட்டனார். தொடரை எழுதத் தொடங்கியபோது ஓடா ஷாங்ஸையே தெரிவு செய்தார்.

அப்படியாயின் பாட்டனார் என்னவானார்? பல ஆண்டுகளின் பின் அவர் கார்ப் என்ற பெயருடன், கொள்ளையரை வேட்டையாடும் கடற்படை உப அட்மிரலாகத் தொடரிலே வந்து நின்றார்! கைவிடப்பட்ட பாத்திரம் தலைகீழாக மாறித் திரும்பியதைக் காணவே இரசிகர்கள் அப்பழைய பக்கங்களை மீளவும் புரட்டுகின்றனர்.

பத்திரிகைத் தொழிலிலே, செய்தி அச்சேறிய மறுநாளே திருத்திய பிரதி குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இவ்வாசகர்கள்மேல் சிறிது பொறாமையே உண்டு. இரண்டாவது கதை 1998இலும், முதற்கதை 2002இலும் நூல்களிலே மறுபதிப்பாயின. அவ்வாறு பேணப்பட்டிராவிடின், ஒரு படைப்பாளி எதைத் தள்ளினான், தள்ளியதை எவ்வாறு மீட்டான் என்ற வரலாறு எளிதில் எவர் கைக்கும் எட்டியிராது.