விற்காத நாளின் இழப்பு: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் பட்டதாரிகளைச் சேர்க்கும் நேரடி விற்பனை வேலைகள்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்படும் வேலை அறிவிப்புகள் பலவும் ஒரே வார்ப்பில் இருக்கும். எந்தப் படிப்பும் போதும், முன் அனுபவம் வேண்டியதில்லை, உணவும் தங்குமிடமும் இலவசம், மாதம் இத்தனை ஆயிரம், கீழே ஒரு கைபேசி எண். செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் அதில் இருக்காது. நேர்காணலும் பயிற்சி வகுப்பும் முடிந்த பிறகுதான் அது தெரியவரும்: வீடு வீடாகப் போய் ஒரு பொருளை விற்க வேண்டும், அல்லது ஒரு பொருள் தொகுப்பைத் தானே வாங்கி, தெரிந்தவர்களிடம் விற்று, அவர்களையும் விற்பவர்களாகச் சேர்க்க வேண்டும். மாதம் இத்தனை ஆயிரம் என்று போட்டிருந்தது, விற்றால் கிடைக்கக்கூடிய கமிஷனின் கணக்கு. இத்தகைய வேலைகளைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் ‘இது மோசடியா இல்லையா’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மோசடி எதுவும் இல்லாத, தரமான பொருளை விற்கிற, முறையாகப் பதிவுபெற்ற நிறுவனத்தின் நேரடி விற்பனையிலும் ஓர் அநீதி மிஞ்சுகிறது. விற்காத நாளின் இழப்பு முழுவதும் உழைத்தவர் தலையில் விழுகிறது. இதே வட்டாரத்தின் பீடித் தொழில் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. அங்கே சட்டம் கண்ட விடை பட்டதாரி விற்பனையாளருக்கும் பொருந்த வேண்டும்.

இவ்வட்டாரத்தில் இந்த ஆள்சேர்ப்புக்கு ஏன் இவ்வளவு எளிதாக ஆள் கிடைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898இலும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தோன்றியவை. இவற்றில் சிலவற்றை நிறுவியதில் தோல் வணிகர்களின் பங்கு பெரியது. தோலில் ஈட்டிய பணம் கல்லூரிகளைக் கட்டியது. அக்கல்லூரிகளில் படித்து வெளிவரும் பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. பட்டதாரிகளுக்குத் தோல் தொழிலில் ஏற்ற இடம் அதிகம் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகள் பெருமளவில் வேலைக்கு எடுப்பது ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களை. அம்மா நின்ற லைனில் மகளும் போய் நிற்பதற்காக அந்தக் குடும்பம் அவளைப் பட்டம் படிக்க வைக்கவில்லை. இந்தத் தொழில் வெளிநாட்டு ஆர்டரை நம்பியதும்கூட. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்ததுபோல ஒன்று நடந்தால், வீட்டில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கூலிக்கும் ஆபத்து. படித்து முடித்த பிள்ளை உடனே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் ஏறுகிறது. பெயர்ப்பலகை உள்ள அலுவலகம், கழுத்தில் அடையாள அட்டை, ‘மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்ற பதவி ஆகியவை அந்த வேளையில் கண்ணுக்கு முன் வைக்கப்படுகின்றன. பட்டத்துக்கேற்ற மரியாதையை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு அந்தப் பதவிப் பெயர் பெரிய ஆறுதல்.

அந்தப் பதவியின் ஒரு நாளைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளின் விலை 600 ரூபாய், விற்றவருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பூரிலிருந்து குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 120 ரூபாய். இரண்டு விற்றால் மிச்சம் 60 ரூபாய். ஒன்று விற்றால் கைநட்டம் 30. ஒன்றுமே விற்காவிட்டால், நாள் முழுக்க வெயிலில் நடந்ததற்கு அவர் 120 ரூபாய் கட்டியிருக்கிறார். 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கென்று அரசு கொடுத்த அந்தச் சலுகையும் இங்கே நிறுவனத்தின் போக்குவரத்துச் செலவாகக் கரைகிறது. இதைத் தோல் தொழிலோடு ஒப்பிட வேண்டும். பேர்ணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு டேனரி, பதனிட்டுக் கொடுத்த அளவுக்குக் கூலி வாங்குகிறது. தோல் ஆர்டர் கொடுத்த பார்ட்டியுடையது, சந்தை விழுந்தால் நட்டமும் பார்ட்டிக்குத்தான். ஷூ கம்பெனியில் தோல் வராமல் லைன் நின்றால், ஓராண்டு பணி முடித்த தொழிலாளிக்குப் பாதி ஊதியமாவது லே-ஆஃப் இழப்பீடாகத் தரவேண்டும் என்று தொழிற்தகராறுகள் சட்டம் வகுத்தது. வேலை நடக்காத நாளின் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தின் பழைய தொழில்களில் அரைகுறையாகவேனும் ஒரு பதில் உண்டு. அந்தத் தொழில்களைவிட மேலானதென்று நம்பிப் பட்டதாரி போய்ச் சேரும் வேலையில் அந்தப் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், ஆள்சேர்ப்பதாலேயே பணம் வரும் திட்டங்களைக் குற்றமாக்கியது. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடைசெய்தன. சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்றன. அடையாள அட்டையும் முன் இசைவும் இன்றி நுகர்வோர் வீட்டுக்குப் போகக் கூடாது என்றன. இவை நல்ல விதிகள்தாம். ஆனால் இவற்றில் ஒன்று பணம் போட்டவரைக் காக்கிறது, மற்றொன்று பொருள் வாங்கியவரைக் காக்கிறது. நடந்து நடந்து விற்றவரின் உழைப்பு இரண்டின் பார்வைக்கும் வெளியே இருக்கிறது. 2021 விதிகள் நேரடி விற்பனையாளரை நிறுவனத்தோடு சரிநிகராக ஒப்பந்தம் செய்துகொண்ட தனி வணிகர் என்றே வரையறுக்கின்றன. அதே விதிகள், விற்பனையாளர் செய்த விற்பனையால் எழும் குறைகளுக்கு நிறுவனமே பொறுப்பு என்றும் சொல்கின்றன. வாங்குபவர் முன்னால் அவர் நிறுவனத்தின் ஆள். நிறுவனத்தின் முன்னால் யாரோ ஒரு வியாபாரி. இந்த முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளர் சட்டத்தின் பார்வைக்குள் இவ்வுறவு வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. பீடி முதலாளிகள் இலையையும் புகையிலையையும் இடைத்தரகரிடம் கொடுப்பார்கள். அவர் ஆள் வைத்துச் சுற்றி வாங்குவார். தொழிலாளர்கள் இலையை வீட்டுக்குக் கொண்டுபோய் நறுக்கி வருவார்கள். அச்சிட்ட ஒப்பந்தத்தின்படி இடைத்தரகர் தனி வணிகர். மூலப்பொருளின் விலையையும் முதலாளியே வைப்பார், சுற்றிய பீடியின் விலையையும் அவரே வைப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடைத்தரகர் கைக்கு வரும். அதிலிருந்து தொழிலாளிக்குக் கூலி. இம்முறை குறித்துச் சென்னை மாநிலத்தில் எழுந்த வழக்கு திவான் மொகிதீன் சாகிப் நிறுவன வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் சென்று, 1964இல் தீர்ப்பானது. ஒப்பந்தத் தாள் வெறும் போர்வை. இடைத்தரகருக்குச் சொந்த மூலதனமோ விலையில் கைவைக்கும் உரிமையோ இல்லை. பீடி சுற்றியவர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்பது அத்தீர்ப்பின் சாரம். இரண்டே ஆண்டில், 1966இல், பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டம் வந்தது. வீட்டிலிருந்தே சுற்றுபவரையும் அது ஊழியராக ஏற்றது. தரமில்லை என்று கழிக்கும் பீடிக்கு உச்சவரம்பு வைத்து மாநிலங்கள் விதி செய்தன. சுற்றியது தேறாது, கூலி இல்லை என்று முதலாளி தன் விருப்பம்போல் சொல்வதற்கு அன்றே எல்லை கட்டப்பட்டது. இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் முழுதாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கு ஓர் உரிமை இருந்தது. குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பட்டத்தோடு, அந்த உரிமைகூட இல்லாத வேலைக்குப் போகிறார்கள். விலையை நிறுவனம் வைக்கிறது, கமிஷனை நிறுவனம் வைக்கிறது, பேச வேண்டிய வசனத்தையும் போக வேண்டிய தெருவையும் நிறுவனமே சொல்கிறது. 1964இல் நீதிமன்றம் பார்த்த அடையாளங்களுள் இங்கே எது குறைகிறது?

விற்காத நாளின் இழப்பு விற்பவர்மேல் விழும்போது இன்னொரு விளைவும் உண்டு. பொருள் விற்றுக் காசு பார்க்க முடியாதவர் ஆள் சேர்த்துக் காசு பார்க்கத் தள்ளப்படுகிறார். அவர் கையில் உள்ள ஒரே மூலதனம் உறவும் நட்பும். அந்த மூலதனம் எப்படிக் கரையும் என்பதை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. காட்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் எடுத்த நடவடிக்கை இந்த வட்டாரம் மறந்துவிடக்கூடியதன்று. மாதந்தோறும் பெருவட்டி என்று சொல்லி ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. அது நேரடி விற்பனை நிறுவனமில்லை என்பது உண்மை; இரண்டையும் ஒன்றாக்குவது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பணம் முகவர்கள் வழியே, சொந்தக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் திரட்டப்பட்டது. பணம் நின்றபோது கொடுத்தவர்கள் போய் நின்றதும் அந்த முகவர்களின் வீட்டு வாசலில்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது, விருப்பமிருந்தால் சேர்கிறார்கள், பிடிக்காவிட்டால் விலகுகிறார்கள், வயது வந்தவர்களின் விருப்பத்தில் சட்டம் ஏன் நுழைய வேண்டும் என்பது. விலகும் உரிமை உண்மையானதுதான். ஆனால் விலகுபவர் விட்டுச்செல்வது சம்பளமில்லாத சில வாரங்களின் உழைப்பை. அவர் பேசிப் பேசித் தெரியவைத்த பொருளின் பெயர் அந்தத் தெருக்களில் நிறுவனத்துக்கு மிச்சமாக நிற்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் புதிய அணி வரும் என்றால், விலகல் நிறுவனத்துக்கு இழப்பாகாமல் அதன் வழக்கமான வரவாகிவிடுகிறது. கமிஷன் என்பது விற்பனையின் இயல்பு என்ற இன்னொரு வாதத்துக்கு விடை நம் கண்முன்னே இருக்கிறது. எல்.ஐ.சி. முகவர் தேர்வெழுதி உரிமம் பெறுகிறார். ஒருமுறை விற்ற பாலிசிக்குப் பிரீமியம் கட்டப்படும் ஆண்டுகளில் கமிஷன் தொடர்கிறது. மருந்துப் பிரதிநிதிகளுக்கு 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் நியமனக் கடிதமும் விடுப்பும் தந்தது. விற்பனை வேலைக்கும் பணி உரிமைக்கும் பகை இல்லை.

விற்பனை ஒரு பயிற்சி, கூச்சம் போகும், பேச்சு வரும் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் சவுத்வெஸ்டர்ன் நிறுவனம் 1868 முதல் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வீடு வீடாகப் புத்தகம் விற்க அனுப்பிவருகிறது. அதில் தேறியவர்கள் பலர். அந்நாட்டிலேயே 1982இல் வரிச் சட்டம் நேரடி விற்பனையாளர்களை ஊழியர் அல்லாதோர் என்று வகைப்படுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் பலன் என்ன? பல அடுக்கு விற்பனை நிறுவனங்கள் தாமே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2024இல் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் பெரும்பாலானோர் ஆண்டுக்கு ஈட்டியது 1,000 டாலரோ அதற்கும் குறைவோ. செலவு கழிக்காத தொகை அது. பயிற்சி என்றால் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு; நம் தொழிற்பழகுநர் சட்டமே 1961 முதல் அதைச் சொல்கிறது.

சீனா 2005இல் கொண்டுவந்த நேரடி விற்பனை ஒழுங்குமுறை, முழுநேர மாணவர்களைச் சேர்ப்பதையே தடைசெய்தது. அந்த வழி இங்கே வேண்டாம் என்றே கருதுகிறேன். படித்துக்கொண்டே சம்பாதித்தாக வேண்டிய பிள்ளைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நிறைய. தடை வந்தால் அவர்கள் பெயரில்லாமல் அதே வேலையைச் செய்வார்கள். வேண்டியது வேறு: வேலை என்று விளம்பரம் செய்து, நேரமும் தெருவும் இலக்கும் வகுத்து ஒருவரை அனுப்பும் நிறுவனம், மாறாக நிரூபிக்கும்வரை அவரின் வேலையளிப்பவரே என்று சட்டம் கொள்ள வேண்டும். விற்ற நாளும் விற்காத நாளும் குறைந்தபட்சக் கூலியும் பயணச் செலவும் அவருக்குச் சேர வேண்டும். கமிஷன் அதற்கு மேல். இதனால் நிறுவனங்கள் ஆள் எடுப்பது குறையும் என்பார்கள். குறையலாம். ஒரு நாளின் குறைந்தபட்சக் கூலியைக்கூடத் தாங்காத விற்பனை, இதுவரை விற்றவரின் சொந்தப் பையிலிருந்துதான் நடந்துவந்திருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் ஒன்று செய்யலாம்: வளாகத்துக்கு வரும் நிறுவனத்திடம், விற்பனை எதுவும் ஆகாத மாதத்துக்குத் தரும் ஊதியம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தரக் கேட்டு, எழுதித் தராத நிறுவனத்துக்கு அறை ஒதுக்க மறுக்கலாம்.