எட்டயபுரம் ஆஸ்தானமும் ஓரிடத்தில் தங்கிய சங்கீதமும்

1969ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, நெவாடா பாலைவனத்து லாஸ் வேகாஸ் நகரில் சூதாட்டக் கூடத்தோடு புதிதாக எழுந்த இன்டர்நேஷனல் ஹோட்டலில், ராக் அண்டு ரோல் நட்சத்திரம் எல்விஸ் பிரஸ்லி பாடத் தொடங்கி, நான்கே வாரங்களில் 57 கச்சேரிகளை நிறைவேற்றி, 1976 வரையில் அதே மேடைக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தார். பாடகர் ஓரிடத்தில் தங்க, ஜனங்கள் அவரை நாடி வருவது என்னும் அந்த ஏற்பாட்டில், சங்கீதத்தின் செலவைத் தாங்கியது சூதாட்ட மேசையின் வருமானம். மழை அரிதான நிலத்தில் வேறொரு வருமானத்தின் நிழலில் வித்துவான் வாசம் செய்யும் இவ்வழக்கம், கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டின் நடுவிலுள்ள எட்டயபுரத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, முற்றிலும் வேறான நோக்கத்தோடு நிலைபெற்றிருந்தது.

1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்தோடு சேர்ந்து, 1803இல் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்தபின், போர் புரியும் தொழிலை இழந்த அரண்மனைக்குக் கீர்த்தி தேட எஞ்சிய மார்க்கங்களுள் சங்கீதமும் கவிதையும் முதன்மையானவை என்பது என் அபிப்பிராயம். அச்சபையில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்த பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), சென்னையை அடுத்த மணலியில் வளர்ந்த காலத்தில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அவ்வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு இசைவித்தவர். தம்பியைக் காண வந்த முத்துசுவாமி தீட்சிதர் வழியில் வறண்டு வெடித்த நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை பொழிந்தது என்று கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். வானம் பார்த்த பூமியில் இப்படியொரு கதை வேர்விடுவதில் வியப்பில்லை. 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் அவர் மறைந்ததும் சமாதியடைந்ததும் எட்டயபுரத்திலேயே.

ஆஸ்தான வாசத்தின் உண்மையான பயன், பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) காலத்தில் வெளிப்பட்டது. குடும்பத்துக்குள் காப்பாற்றப்பட்டு வந்த கீர்த்தனங்களை ஸ்வரப்படுத்தி வெளியிடவேண்டும் என்று, மேனாட்டு ஸ்வரக்குறியில் நம் பாடல்களை அச்சிட்டு வந்த சின்னசாமி முதலியார் வற்புறுத்த, மன்னரும் ஆணையிட்டுப் பொருளுதவி செய்ய, கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகளோடு 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், தெலுங்கு லிபியில், ஏறத்தாழ 1,700 பக்கங்களில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. நாள்தோறும் அரங்கை நிரப்பியாக வேண்டிய கட்டாயம் இருந்திருப்பின், இத்தகைய கிரந்தத்துக்குரிய அவகாசம் ஒரு வித்துவானுக்கு வாய்த்திராது. ஆனால் அந்த அவகாசத்துக்குரிய பொருள் கரிசல் குடியானவன் செலுத்திய தீர்வையிலிருந்து வந்தது என்பதையும், அவன் அந்தச் சபையில் அமர்ந்து கேட்டவனல்லன் என்பதையும் மறைப்பதற்கில்லை. சூதாடியாவது தன் பணத்துக்குப் பாட்டைக் கேட்டான்.

குடியானவனுக்கும் நாற்காலி கிடைக்கச் செய்தது டிக்கெட்டு. 1876இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்து ரயில் பாதை வந்தபின் பருத்தியும் மனிதரும் பெருகிய இச்சீமைகளில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை ஆடிய கம்பெனிகள், வசூல் உள்ளவரை ஓரூரில் கொட்டகை போட்டுத் தங்கி, வசூல் குறைந்ததும் மூட்டை கட்டின. லாஸ் வேகாஸுக்கு நெருங்கிய உறவு ஆஸ்தானத்தைவிட இந்தக் கொட்டகைதான்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது ஆஸ்தானப் பதவிகளுக்கும் ஆதாரம் அற்றுப்போயிற்று. எனினும் சங்கீதம் இம்மண்ணைவிட்டு நீங்கவில்லை. ஜமீன் வமிசத்தில் பிறந்தும் பதவி நாடாது, சாகித்தியத்தை விட்டு ராகத்தையே உபாசித்த விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) இங்கே இருந்தார். அவரிடம் பெரும் பக்தி கொண்டவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அருணாசலம், எந்த மன்னரும் அழைக்காமலும் எந்த முதலாளியும் ஒப்பந்தம் செய்யாமலும், கோவில்பட்டியைத் தம் சொந்த விருப்பத்தால் இருப்பிடமாக்கிக்கொண்டார். வித்துவான் ஓரூரில் இருக்க ரசிகர் அங்கே வருவது என்ற பழைய முறை இவரிடத்தில் தலைகீழாயிற்று: வீடு கோவில்பட்டியில், கச்சேரி தமிழகமெங்கும். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்த அவருடைய நாகஸ்வரம், அரண்மனையோ கொட்டகையோ இல்லாத கிராமத்துக்கும் வானொலி வழியாகச் சென்றடைந்தது.