காரணம் சொல்லாத சமாதானம்: செஞ்சி வட்டாரத்து ஞாயிறு பள்ளியும் வேதக் கதைகளும்

செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் வளரும் பிள்ளைக்குச் சமாதானத் தூது என்பது ஞாயிறு பள்ளியில் முதன்முதலாகக் கேட்கும் சங்கதி அல்ல. இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் பாரதம் படித்து, இரவில் கூத்து ஆடும்போது 'கிருஷ்ணன் தூது' தவறாமல் இடம்பெறும். பாண்டவர் பங்கைக் கேட்டுக் கிருஷ்ணன் அத்தினாபுரம் போகிறான். நாடு இல்லையென்றால் ஐந்து ஊராவது கொடு என்கிறான். துரியோதனன் மறுக்கிறான். திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டிபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதித் தலைப்பிலேயே செஞ்சியைச் சேர்த்தார். செஞ்சியை அடுத்த மேலச்சேரியை அவ்வழிபாட்டின் மையங்களுள் ஒன்றாகக் கண்டார். பாரதக் கதை இங்கே ஏட்டில் மட்டும் இருப்பதன்று, தெருவில் நடப்பது.

அந்தத் தூதில் ஒரு குறுக்கீடு உண்டு. தூது புறப்படுமுன் திரௌபதி தன் விரிந்த கூந்தலைக் காட்டிக் கேட்கிறாள்: இவர்கள் சமாதானமாகிவிட்டால் சபையில் எனக்கு நடந்தது என்ன ஆவது? வில்லிபுத்தூரார் பாரதத்திலும் கூத்திலும் இந்தக் கேள்விக்குத் தனி இடம் இருக்கிறது. போர் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று துரியோதனனின் மண் உருவம் வீழ்ந்த பிறகுதான் கூந்தல் முடியப்படுகிறது. அநீதிக்கு ஆளானவரை மறந்துவிட்டுச் செய்யும் சமாதானம் நிற்காது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இவ்வட்டாரத்துப் பிள்ளை பார்த்துவிடுகிறது.

அமாவாசைதோறும் அங்காளம்மனைக் காணக் கூட்டம் திரளும் மேல்மலையனூரில் கிறித்தவர் சிறுபான்மையினர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கூத்துப் பார்க்கும் பிள்ளைகளோடுதான் வாரத்தில் ஆறு நாளும் படிப்பும் விளையாட்டும். ஞாயிறன்று அந்தப் பிள்ளைக்கு நாம் எப்படிப்பட்ட சமாதானக் கதையைச் சொல்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வேதாகமக் கதைகளைப் பாதியில் நிறுத்திச் சொல்வதால், விட்டுக்கொடுப்பவரே நல்லவர் என்ற ஒரே பாடம்தான் பிள்ளைக்குச் சேர்கிறது என்று வாதிடுகிறேன். கதையின் மறுபாதியில்தான் உண்மையான சமாதானம் இருக்கிறது. சாதியால் பிளவுபட்ட நம் சபைகளுக்கு இன்று வேண்டியதும் அந்த மறுபாதிதான்.

ஈசாக்கின் கிணறுகளை எடுத்துக்கொள்வோம் (ஆதியாகமம் 26). கிணற்றுப் பாசனத்தையும் ஏரியையும் நம்பி வாழும் செஞ்சிப் பக்கத்துக்கு இதைவிட நெருக்கமான வேதக்கதை இல்லை. ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு தோண்டுகிறார்கள். கேராரின் மேய்ப்பர் தண்ணீர் தங்களுடையது என்று வாக்குவாதம் செய்கிறார்கள். ஈசாக்கு நகர்ந்து வேறொன்று தோண்டுகிறான், அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்குச் சண்டை இல்லை, அதற்கு ரெகொபோத் என்று பேரிடுகிறான். நான் பார்த்தவரை ஞாயிறு பள்ளிப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும்: சண்டை போடாமல் ஒதுங்கிப் போ, கர்த்தர் உனக்கு இடம் கொடுப்பார். மனப்பாட வசனம், ஒரு பாட்டு, வருகைப் பதிவு.

ஆனால் வேதாகமம் அங்கே நிறுத்தவில்லை. அதற்கு முன்பே, ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்ததையும், ஈசாக்கு வளர்ந்துவிட்டான் என்பதற்காக அபிமெலேக்கு அவனை வெளியேறச் சொன்னதையும் அது எழுதி வைத்திருக்கிறது. ரெகொபோத்துக்குப் பிறகு ஈசாக்கு பெயெர்செபாவில் இருக்கும்போது அதே அபிமெலேக்கு தன் படைத்தலைவனோடு அவனைத் தேடி வருகிறான். ஈசாக்கு உடனே கைகுலுக்கிவிடவில்லை. என்னைப் பகைத்துத் துரத்திவிட்டவர்கள் இப்போது ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். கேட்ட பிறகுதான் விருந்து, மறுநாள் காலையில் ஆணை. அன்றைக்கே வேலைக்காரர் தண்ணீர் கண்ட செய்தியும் வருகிறது. துரத்தினவன் தேடி வந்தான், துரத்தப்பட்டவன் தன் குறையை வாய்விட்டுச் சொன்னான், அதன்பின் உடன்படிக்கை. இந்த வரிசையை அறுத்துவிட்டால் ஈசாக்கு வெறும் பொறுமைசாலியாகிவிடுகிறான்.

யோசேப்பின் கதையும் இப்படித்தான் சுருக்கப்படுகிறது. பலவர்ண அங்கி, குழி, எகிப்து, மன்னிப்பு. நடுவில் யூதா காணாமல் போகிறான். யோசேப்பை இஸ்மவேலருக்கு விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான் (ஆதியாகமம் 37). வருடங்கள் கழித்துப் பென்யமீன் அடிமையாகப் போக நேரும்போது, தம்பிக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்வருபவனும் அவன்தான் (44). அதைக் கேட்ட பிறகே யோசேப்பு அடக்க முடியாமல் தன்னை வெளிப்படுத்துகிறான். விற்றவன் மாறியிருக்கிறான் என்பது தெரியாமல் வந்த மன்னிப்பு அல்ல அது. யூதாவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது, தப்புச் செய்த பிள்ளைக்கு ஒரு வேலையும் வைக்காத பாடமாகும்.

மலைப்பிரசங்கத்திலும் திசை இதுவே. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்பவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி சொல்லப்படுகிறது (மத்தேயு 5). யார்மேல் குறையோ, அவர்தான் நடக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு நடந்து காட்டினான்: அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆனால் வகுப்புகளில் சகேயு என்றதும் பிள்ளைகள் மரமேறுவதைத்தான் நடித்துக் காட்டுகிறார்கள். திருப்பிக் கொடுத்த பணத்தை யாரும் நடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

இதை நுணுக்கமான வேதவிளக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. 2008 மார்ச் 9 அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரில் நடந்தது ஒரே மதத்தவர்க்குள், ஒரே கத்தோலிக்கப் பங்குக்குள் நடந்த மோதல். தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்கான பாதை எனத் தங்களை ஒதுக்கிவைத்த வழக்கங்களைச் சொல்லித் தலித் கிறித்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கிறித்தவர்கள் எதிர்த்தார்கள். தாக்குதல், பிறகு காவல்துறையின் துப்பாக்கிச் சூடு, இருவர் இறந்தனர். இரு தரப்புப் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் ஒரே மறைக்கல்வியில் படிக்க வேண்டியவர்கள். விட்டுக்கொடு, பொறுத்துப்போ என்று மட்டும் சொல்லும் பாடம் அந்த ஊரில் யாருடைய காதில் எப்படி விழும்? காலனியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது, உன் பாட்டனைப் போல நீயும் வாய்மூடி இரு என்றே கேட்கும். ஊர்த்தெருப் பிள்ளைக்கோ அது ஒன்றுமே கேட்காது.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய துயரமும் அல்ல. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். உட்காரும் இடமும் திருவிருந்துப் பாத்திரமும்தான் அன்றைய சச்சரவு. அமெரிக்க ஆர்க்காடு மிஷன், டேனிஷ் லுத்தரன் மிஷன், பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புக் குருக்கள் என்று பழைய தென்னார்க்காட்டில் உழைத்த எவருடைய சபையும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கொண்டுபோகலாமா என்று கேட்பவர் உண்டு. அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தெருவில் செருப்போடு போகலாம், எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்பது பல ஊர்களில் ஏற்கெனவே தெரியும். நாம் பேசாமலிருப்பதால் அந்த அறிவு அழிவதில்லை. வேதாகமம் அதைப் பற்றிப் பேசாது என்ற முடிவுக்குத்தான் பிள்ளை வரும். 1780இல் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைப் பரப்பத் தொடங்கியதே வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கத்தான். 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் உருவானபோது வந்துசேர்ந்தது அந்த மரபுதான். பிள்ளை வாழும் நிலைமையைத் தொடாத ஞாயிறு பள்ளி தன் பிறப்பையே மறந்தது.

நியாயம் பேசினால் வன்மம் வளரும் என்பது இன்னொரு மறுப்பு. எருசலேம் சபை இதற்குப் பதில் சொல்கிறது (அப்போஸ்தலர் 6). அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசுவோர் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களைப் பொறுமையாயிருக்கச் சொல்லவில்லை. எழுவரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே பொறுப்பு போனது என்று கொள்ள இது இடம் தருகிறது. சபை உடையவில்லை, வளர்ந்தது. ஸ்தேவானைக் கல்லெறியுண்ட இரத்தசாட்சியாக மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு, அவர் முதலில் சோற்றுப் பங்கீட்டைச் சரிசெய்ய வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூத்தில் சமாதானத் தூது தோற்கிறது, திரௌபதியின் கேள்விக்குக் குருட்சேத்திரம்தான் பதிலாகிறது. அதே கேள்விக்கு இரத்தம் சிந்தாமல் பதில் சொன்னவர்களை வேதாகமம் காட்டுகிறது. நானூறு பேரோடு வாளெடுத்து வந்த தாவீதின் எதிரே இருநூறு அப்பமும் வற்றலான திராட்சையும் அத்திப்பழ அடைகளும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போன அபிகாயில் (1 சாமுவேல் 25), தன் புருஷன் தாவீதை அவமதித்தது தப்பு என்று ஒப்புக்கொண்டே தூது பேசினாள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே அபூர்வம். கோலியாத்தும் எரிகோவும் சிம்சோனும் எல்லா விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் வருகிறார்கள்.

செஞ்சிப் பக்கத்து ஞாயிறு பள்ளிகளில் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் அக்காமாரும் அண்ணன்மாரும். கிடைப்பது அரைமணி நேரம். அவர்களிடம் பெரிய பாடத்திட்டம் கேட்பது நியாயமில்லை. ஒரு கதைக்கு இரண்டு ஞாயிறு கொடுத்தால் போதும்: முதல் வாரம் சண்டையும் அதன் காரணமும், இரண்டாம் வாரம் யார் முதலில் நடந்தார், என்ன திருப்பிக் கொடுத்தார் என்பது. நடிக்கச் சொல்வதானால் கூத்தின் முறையே கைகொடுக்கும். வேதத்தோடு பாரதத்தைக் கலக்கிறோமோ என்று சபைப் பெரியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எடுத்துக்கொள்வது கதையை அல்ல, கேட்கும் முறையை. கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வருகிற எவரையும், ராஜாவே ஆனாலும், கட்டியங்காரன் நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் விடுவதில்லை. ஈசாக்கு அபிமெலேக்கைக் கேட்டதும் அதைத்தான். வகுப்பில் சற்றுத் துடியான பிள்ளை ஒன்றைக் கட்டியங்காரனாக நிறுத்தி, கேராரிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் கிணற்றைத் தூர்த்தது யார் என்று கேட்கவிட்டால், கதையின் மறுபாதியைப் பிள்ளைகளே நடத்திக்கொண்டு போவார்கள்.