நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்



ஐம்பது வயதை எட்டிய குடும்பத் தலைவர் ஒருவர் ஆயுட் காப்புறுதி செய்வதா விடுவதா என்று எண்ணத் தொடங்கினால், வீட்டிலுள்ளோர் இரு வகையாகப் பேசுவர். இத்தனை காலமும் செய்யாதவர் இனிச் செய்து என்ன பயன் என்பர் சிலர். இனித்தான் கட்டாயம் செய்ய வேண்டும் என்பர் வேறு சிலர். முகவர் வந்து கட்டுப்பணம் இவ்வளவு என்று சொன்னதும் இரு சாராரும் வாயடைத்துப் போவர். முப்பது வயதுத் தம்பி செலுத்துவதிலும் அண்ணன் செலுத்த வேண்டியது மிக அதிகம். ஒரே தொகைக்கு இருவேறு விலையா, இது என்ன நீதி என்று அண்ணன் கேட்பார்.

இக்கேள்வி புதியதன்று. இதற்கு விடை கண்டவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியர். விடையைக் கண்டாரேயன்றி அதன் பயனை அவர் அடையவில்லை.

டொட்சனின் காலத்தில் இலண்டனில் ஆயுட் காப்புறுதிக்கென்றே இயங்கிய பெயர்பெற்ற நிலையம் அமிக்கபிள் சங்கம். 1706 ஆம் ஆண்டிலே தோன்றிய அச்சங்கம் இரண்டாயிரம் உறுப்பினர் என்னும் வரம்புடையது. அதன் முறை நம் ஊர்களில் நடைபெறும் மரண சகாய நிதியை ஒருவாறு ஒத்தது. உறுப்பினர் எல்லாரும் ஆண்டுதோறும் ஒரே அளவான பணம் செலுத்துவர். அந்த ஆண்டில் இறந்தோரின் குடும்பத்தார் அதற்கென ஒதுக்கிய தொகையைப் பங்கிட்டுக்கொள்வர். இறந்தவர் பலராயின் பங்கு சிறுக்கும், சிலராயின் பெருகும். தம் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது.

இம்முறையில் வேறொரு குறையும் இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் நாற்பத்தைந்து வயது மனிதரும் ஒரே பணம் செலுத்தினர். மூத்தவருக்கு இது இலாபம், இளையவருக்கு நட்டம். அதற்கும் மேற்பட்ட வயதினரைச் சேர்த்தால் இளைஞர்கள் விலகிவிடுவர், சங்கமும் கவிழ்ந்துவிடும். ஆதலின் நாற்பத்தைந்தைத் தாண்டியோருக்கு அங்கே கதவு அடைபட்டிருந்தது. டொட்சன் அவ்வயதைக் கடந்தவர். வயதைக் காரணங் காட்டி அவரைச் சேர்க்க மறுத்துவிட்டனர்.

மறுக்கப்பட்டவர் சாதாரண மனிதரல்லர். கடலோடும் தொழிலுக்குச் சிறுவரைப் பயிற்றிய அரச கணிதப் பள்ளியின் தலைமை ஆசிரியர். 1755 இல் றோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானவர். நிகழ்தகவுக் கணிதத்தில் பேர்போன டி மொய்வரோடு பழகியவர். ஆண்டுத்தொகைக் கணக்குகளையும் தம் நூல்களில் வகுத்துக் காட்டியவர். சேர்க்க மறுத்தவர்களின் கணக்கு எங்கே பிழைத்தது என்பதை அவர் நன்கு அறிவார். தவறு அவருடைய வயதில் இல்லை. எல்லா வயதினருக்கும் ஒரே விலை வைத்த முறையிலேதான் இருந்தது.

அவர் கையிலே ஒரு பழைய கருவி இருந்தது. வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹலி 1693 ஆம் ஆண்டிலே பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு ஓர் அட்டவணை அமைத்தார். போலந்து நாட்டில் இன்று விரோத்சுவாவ் என வழங்கும் நகரமே அது. அட்டவணையின் முதல் வயதில் 1000 பேர் நிற்கின்றனர். இருபதாம் வயதில் 598 பேர், ஐம்பதில் 346 பேர், எழுபதில் 142 பேர் எஞ்சுகின்றனர். இருபது வயதினன் ஓராண்டுக்குள் இறவாதிருக்கும் வாய்ப்பு, இறக்கும் வாய்ப்பைப்போல் நூறு மடங்கு. ஐம்பது வயதினனுக்கோ முப்பத்தெட்டு மடங்குதான் என்று ஹலியே எழுதினார்.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். ஓராண்டுக் காப்புறுதியாக நூறு பவுண் வேண்டுமாயின், இருபது வயதினர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு பவுண் செலுத்தினால் போதும். ஐம்பது வயதினர் இரண்டரைப் பவுணுக்குச் சற்று அதிகமாகச் செலுத்த வேண்டும். அண்ணன் கேட்ட கேள்விக்கு முதல் விடை இதுவே. விலை அவர்மேல் சுமத்திய தண்டனையன்று. அவரொத்த வயதினரின் இறப்புக் கணக்கு.

ஆயினும் வயது ஏற ஏற ஆண்டுதோறும் விலையையும் ஏற்றிக்கொண்டு போனால், முதுமையில் உழைப்பு ஓயும் நேரத்தில் எவர்தாம் செலுத்த வல்லார்? டொட்சனின் திட்டம் இங்கேதான் சிறப்புறுகின்றது. சேரும் வயதை நோக்கி ஒரு கட்டுப்பணத்தை விதித்து, அதனை வாழ்நாள் முழுவதும் மாற்றாமல் வைப்பது. இளமையில் தேவைக்கு மேலாகச் செலுத்துவது வட்டியோடு சேர்ந்து, முதுமையில் ஏற்படும் குறைவை நிரப்பும். இருபதில் சேர்ந்தவனுக்குச் சேமிக்க நாற்பது ஐம்பது ஆண்டுகள் உண்டு. ஐம்பதில் சேர்ந்தவருக்கோ அச்சேமிப்பைக் குறுகிய காலத்திலே செய்தாக வேண்டும். அவர் கட்டுப்பணம் இரட்டிப்பாய்க் கனப்பது இதனாலேயே.

1756 இல் டொட்சன் தம் கருத்தை நண்பர்களிடம் எடுத்துரைத்து, சங்கம் ஒன்று நிறுவ முனைந்தார். அரசரின் பட்டயம் வேண்டி விண்ணப்பமும் தயாராயிற்று. ஆனால் 1757 நவம்பரில் அவர் காலமானார். பட்டயமும் கிட்டவில்லை. மனிதரின் ஆயுளை அட்டவணையால் அளக்க முனைவது நடைமுறையில் சோதித்தறியாத வெறும் ஊகம் என்று அரச சட்ட அதிகாரிகள் 1761 இல் கருத்துரைத்தனர். நண்பர்கள் தளரவில்லை. எட்வேட் றோ மோர்ஸ் என்பவரின் முயற்சியால் 1762 இல், பட்டயமின்றியே உடன்படிக்கைப் பத்திரம் ஒன்றின்மேல் ஈக்குவிற்றபிள் சங்கம் எழுந்தது. 'ஆக்சுவரி' என்னும் பதவிப் பெயரைக் காப்புறுதித் துறைக்குத் தந்தவரும் மோர்ஸ் அவர்களே.

அச்சங்கம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. வயோதிபருக்கான ஆண்டுத்தொகை பற்றித் தான் கொடுத்த உறுதிகளின் பாரம் தாங்காது 2000 ஆம் ஆண்டில் புதிய பத்திரங்களை நிறுத்திற்று. ஆயுளைக் கணக்கிட்டுப் புகழ்பெற்ற நிலையம், முதியோருக்குக் கொடுத்த வாக்காலே தடுமாறியதை எண்ணும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி நம் ஐம்பது வயது அண்ணனிடம் திரும்புவோம். அவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கட்டுப்பணம் எவ்வளவு என்பதன்று. தாம் இன்று கண்மூடினால் எவருடைய சோறு நிற்கும் என்பதே. பிள்ளைகள் தலையெடுத்து, கடன் தீர்ந்து, மனைவிக்கென வீடும் சேமிப்பும் இருக்குமாயின், பெருங் கட்டுப்பணம் செலுத்துவதிலும் அப்பணத்தைத் தம் முதுமைக்கென வைப்பதே நன்று என்பது என் எண்ணம். ஹலியின் அட்டவணையிலேயே ஐம்பதை எட்டியவருள் பத்துக்கு நால்வர் எழுபதைக் கண்டனர். இக்காலத்தில் அதனிலும் மிகுதியானோர் காண்கின்றனர். நீண்டு வாழ்வதற்கும் பணம் வேண்டும் அல்லவா? ஆனால் காலங்கடந்து மணம் புரிந்தவர், பள்ளி செல்லும் பிள்ளை உடையவர், தீராத கடனுக்குக் கையொப்பமிட்டவர் ஆகியோருக்கு விலை கனத்தாலும் காப்புறுதி வேண்டியதே. அவர்களும் வாழ்நாள் முழுமைக்கும் எடுக்க வேண்டியதில்லை. கடைசிப் பிள்ளை உழைக்கத் தொடங்கும் வரையிலான காலத்துக்கு எடுத்தால் சுமை குறையும்.

டொட்சன் இந்த இரண்டாம் வகையினர். அவர் இறந்தபோது தாயையும் இழந்த மூன்று பிள்ளைகள் ஆதரவற்று நின்றனர். ஜேம்ஸுக்கு வயது பதினைந்து, தோமசுக்குப் பன்னிரண்டு நிறையவில்லை, எலிசபெத்துக்கு எட்டு. தந்தை மிக வறிய நிலையில் மாண்டார் என்று நண்பர் ஒருவர் விண்ணப்பிக்க, அவர் கற்பித்த கிறைஸ்ற் ஹொஸ்பிற்றல் என்னும் தரும பள்ளியிலேயே இளையவர் இருவரும் சேர்க்கப்பட்டனர். மூத்த மகன் பின்னர் 1764 இல் ஈக்குவிற்றபிள் சங்கத்தின் ஆக்சுவரியாகி, மூன்று ஆண்டுகளில் சுங்கப் பகுதிக்கு மாறிச் சென்றார்.

அக்குடும்பத்தின் ஒரு கிளை நம் தமிழகத்தையும் தொட்டது. தருக்கத்திலும் கணிதத்திலும் புகழ்பெற்ற ஒகஸ்ரஸ் டி மோர்கன் டொட்சனின் கொள்ளுப்பேரர்; 1806 இல் மதுரையிலே பிறந்தவர். பூட்டனாரின் துறையை அவரும் மறக்கவில்லை. நிகழ்தகவும் ஆயுட் காப்புறுதியும் பற்றி 1838 இல் நூல் ஒன்று வெளியிட்டார்.

டொட்சன் ஆயத்தஞ் செய்த ஆயுள் அட்டவணைகளுக்குக் கைம்மாறாக அவருடைய பிள்ளைகளுக்கு முந்நூறு பவுண் கொடுப்பதென ஈக்குவிற்றபிள் சங்கம் தீர்மானித்தது. தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகளேனும் கழிந்த பின்னரே அத்தீர்மானம் ஏட்டில் ஏறிற்று. எட்டு வயதுச் சிறுமியாய் நின்ற எலிசபெத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயதாவது ஆகியிருக்கும்.