மிதித்த காலும் உருண்ட சக்கரமும்

ஓட்டுநர் எண்ணெய் மிதியை அழுத்துகிறார், வண்டி விரைகிறது. அழுத்தியதற்கும் விரைந்ததற்கும் இடையே ஒரு கணம் கழிகிறது. அக்கணத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், கையால் கியர் மாற்றிச் சுமை இழுக்கும் பிக்கப் வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு கணத்தின் வரலாறே என்று நான் கருதுகிறேன். அக்கணத்தைக் கணித்து ஆள்பவர் யார்? மனிதரா, பொறியா? நூறாண்டுகளுக்கு முன்பு அப்பொறுப்பு முழுவதும் மனிதருடையதாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் அவரிடமிருந்து வாங்கப்பட்டுவிட்டது.

தலைமையாசிரியனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் நகைக்கலாம். என் தந்தையார் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லேண்ட் ரோவர் ஓட்டியவர். தோட்டத்துப் பதிவேட்டில் அவர் ‘டிரைவர்’ என்னும் ஒற்றைச் சொல்லாகவே இருந்தார். அச்சொல்லுக்குள் அடங்காத கல்வி ஒன்று அவரிடம் இருந்தது. அதனை எழுத்தில் வைத்திட வேண்டும் என்பதே என் நோக்கம்.

தொழிற்சாலையிலேயே பின்தட்டுடன் செய்து விற்கப்பட்ட பிக்கப்பை ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டு வெளியிட்டது. மாடல் டி வண்டியின் பின்புறத்தில் இரும்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. விலை 281 அமெரிக்க டாலர். இயந்திரத்தின் ஆற்றல் 20 குதிரைத்திறன் மட்டுமே. இன்றைய ஓட்டுநரை அதில் அமர்த்தினால் திகைத்துப் போவார். காலடியில் மூன்று மிதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுகூட எண்ணெய் மிதி அன்று. இடது மிதியை முழுவதும் அழுத்தினால் தாழ்ந்த கியர், விட்டுவிட்டால் உயர்ந்த கியர். நடுமிதி பின்னோக்கிச் செல்வதற்கு. வலது மிதி பிரேக். வேகத்தைக் கூட்டும் சிறு நெம்புகோல் திசைதிருப்பியின் கீழே வலப்புறம் இருந்தது. அதனை விரலால் இழுக்க வேண்டும். இடப்புறத்து நெம்புகோல் தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவது. ஆக, வண்டி விரைய வேண்டுமாயின் இரு கை விரல்களும் ஒரு காலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. செங்குத்தான மேடுகளில் அவ்வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றுவார்களாம். பின்செல்லும் கியருக்கு இழுப்பு மிகுதி. மேலும், தொட்டியிலிருந்து எண்ணெய் தன் எடையால் தானே இறங்கிவர வேண்டியிருந்ததால், மேட்டில் வண்டியின் முகம் உயர்ந்தால் இயந்திரத்திற்கு எண்ணெய் எட்டாமற்போகும்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மாடல் ஏ வண்டியில் நாம் அறிந்த அமைப்பு தோன்றிவிட்டது. எண்ணெயைக் கால் ஏற்றுக்கொண்டது. மூன்று கியர்களைக் கை ஏற்றுக்கொண்டது. ஆற்றலும் 40 குதிரைத்திறனாக இரட்டித்தது. ஆனால் ஒரு புதிய தொல்லையும் உடன் வந்தது. கியர்ப்பெட்டிக்குள் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களை ஓட்டுநரே தம் கைத்திறத்தால் இணைக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிடில் பற்கள் உராய்ந்து அலறும். அவ்வேகங்களைத் தாமே ஒன்றுபடுத்தும் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பைக் கேடிலாக் மகிழுந்துகள் 1928ஆம் ஆண்டில் பெற்றன. செல்வர் ஏறும் மகிழுந்துக்கு அன்றே கிடைத்த அவ்வசதி, சுமை ஏற்றும் வண்டியின் எல்லாக் கியர்களையும் எட்ட நெடுங்காலம் பிடித்தது என்பது கவனிக்கத்தக்கது.

கால் அழுத்தியவுடன் இயந்திரம் ஏன் விழித்தெழுவதில்லை என்பதையும் சற்றே விளக்க வேண்டும். பழைய பெட்ரோல் வண்டியில் மிதி திறப்பது எண்ணெயை அன்று, காற்றுக்கான கதவையே. காற்று இலேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்நொடியில் கலவை நலிந்து இயந்திரம் விக்கும். இவ்விக்கலைத் தீர்க்கவே கார்புரேட்டருக்குள் சிறு பிச்சுக்குழல் போன்ற பம்பு ஒன்றை வைத்தனர். மிதியை வேகமாக அழுத்தினால் அது கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீச்சும். பம்பின் தோல் தேய்ந்துவிட்ட வண்டியோ, அழுத்தியதும் ஒருமுறை இருமிவிட்டே புறப்படும்.

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிவுற்றது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேல் உள்ளது. அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத இயந்திரம் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும். இத்தகைய மலைக்கு வாழ்க்கைப்பட்டதுபோல வந்து சேர்ந்தது லேண்ட் ரோவர். 1948இல் இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டிக்கு முதலில் இருந்தது 50 குதிரைத்திறன். பின்னர் வந்த 2,286 சி.சி. பெட்ரோல் இயந்திரம் 77 குதிரைத்திறன் தந்தது. அதே அளவான டீசல் 62 தந்தது. முன்னே இருக்கையும் பின்னே திறந்த தட்டுமாக அமைந்த அவ்வண்டிகளில் தேயிலைக் கொழுந்தும் முட்டைக்கோசும் ஏறின. இன்றும் அம்மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறி சுமந்து திரிவதைக் காணலாம்.

1971இல் சீரீஸ் மூன்று வரும்வரை அவ்வண்டியின் நான்கு கியர்களுள் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மட்டுமே சிங்க்ரோமெஷ் இருந்தது. முதலாவதும் இரண்டாவதும் ஓட்டுநரின் பொறுப்பு. மலையேறும் வண்டிக்கு ஓயாமல் வேண்டியவையோ அவ்விரண்டே! மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டுமாயின், கிளச்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொணர வேண்டும். கிளச்சை விட வேண்டும். எண்ணெயை ஒரு துள்ளு கொடுத்து இயந்திரத்தை விரைவுபடுத்த வேண்டும். மீண்டும் கிளச்சை மிதித்து இரண்டில் செருக வேண்டும். இத்தனையும் ஒன்றிரண்டு வினாடிகளில் முடிந்தாக வேண்டும். அவ்வினாடிகளில் சக்கரத்துக்கு இழுப்பே இல்லை. மேடு வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு துள்ளு கொடுப்பது என்பது சுமை, சரிவு, வேகம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அதனைக் காட்டும் கருவி அவ்வண்டியில் எதுவும் இல்லை. காதுதான் கருவி.

1984ஆம் ஆண்டு, எனக்குப் பதினாறு வயது. பள்ளி விடுமுறையில் தோட்டத்து உட்சாலையில் எனக்கு வண்டி பழக்கினார் தந்தையார். பின்தட்டில் கொழுந்து மூட்டைகள் இருந்தன. ஒரு வளைவில் இயந்திரம் மூச்சு வாங்கத் தொடங்கியது. “ரெண்டுக்கு இறக்குடா. எண்ணெயைச் சும்மா கொட்டாத, வண்டி என்னா சொல்லுதுன்னு கேட்டுக் குடு” என்றார். நான் கேட்கவில்லை, துள்ளும் கொடுக்கவில்லை. பற்கள் அலறின, கியர் ஏறவில்லை. வண்டி நடுநிலையில் பின்னோக்கி உருளத் தொடங்கியது. இடப்புறம் அமர்ந்திருந்த அப்பா கைப்பிரேக்கை வெடுக்கென இழுத்தார். லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னச்சுக்குச் செல்லும் தண்டையே பிடிக்கும். ஆதலால் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. மூட்டைகள் சில சரிவில் உருண்டு போயின.

வண்டியை ஓட்டியவர் தாமே என்று அப்பா மேலாளரிடம் சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவரை வண்டியிலிருந்து இறக்கி மருந்தடிக்கும் வேலைக்கு அனுப்பினர். அம்மாதச் சம்பளம் குறைந்ததை அம்மா அறிவார், நானும் அறிவேன். அப்பா அதுபற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. தவறு என் காலுடையது என்பதைக் காட்டிலும், என் காதுடையது என்பதே எனக்கு உறைத்தது.

அழுத்தியவுடன் சீறிப் பாயும் வண்டியே சிறந்த வண்டி என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். சுமை வண்டிக்கு இது முற்றிலும் பொருந்தாது. டீசல் இயந்திரத்தில் பொதுவாகக் காற்றுக் கதவு இல்லை. மிதி எண்ணெயின் அளவையே கூட்டிக் குறைக்கிறது. அதன் உறுப்புகளும் ஃபிளைவீல் எனும் சுழல் சக்கரமும் கனமானவை. ஆதலால் மெல்ல எழும், மெல்லவே அடங்கும். ஆனால் அக்கனமே, மேட்டில் கிளச்சை விடும்போது இயந்திரம் நின்றுபோகாமல் காக்கும் சேமிப்பாகிறது. மெல்லப் பதில் சொல்லும் மாணவனை மந்தம் என்று ஒதுக்கிய ஆசிரியர் சிலரை நான் அறிவேன். அவர்கள் டீசல் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை போலும்.

1968இல் டொயோட்டா நிறுவனம் ஹைலக்ஸ் பிக்கப்பை வெளியிட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரமும், திசைதிருப்பித் தண்டிலேயே அமைந்த நான்கு கியர் நெம்புகோலும் அதற்கு இருந்தன. 1970களின் பிற்பகுதியில் டீசலும் வந்தது. ஜப்பானிய பிக்கப்புகள் பெருகப் பெருக, இரட்டைக் கிளச்சு மிதிக்கும் வித்தைக்குத் தேவை குன்றியது. புதிய ஓட்டுநர்கள் ஒரு வாரத்தில் பழகினர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. மலைச்சாலையில் அதனால் பிழைத்த உயிர்கள் பல இருக்கும்.

அடுத்து வந்தது டர்போ. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுற்றி, அதைக்கொண்டு காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் இம்முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். மெலிந்த மலைக்காற்றின் குறையை இது பெரிதும் ஈடுசெய்தது. ஆனால் புகை பெருகினால்தான் சுழலி விரையும்; சுழலி விரைந்தால்தான் காற்று பெருகும். ஆகவே மிதித்த பின் ஓர் ஏக்கம்; அதன் பின்னே ஒரு பாய்ச்சல். கார்புரேட்டர் ஒழித்த அந்தக் கணம் வேறு வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது! வினாத் தொடுத்தபின் மூன்று வினாடி பொறுத்திருங்கள் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தனர். டர்போ வண்டி ஓட்டுநர்க்கும் அதுவே பாடம். பொறுமையற்றோர் மேலும் மிதித்தனர். காற்று போதாமல் எரியாத எண்ணெய் கரும்புகையாகப் பின்னால் வந்தது.

1997இல் மகிழுந்துகளில் அறிமுகமான காமன் ரெயில் முறை, அடுத்த பத்தாண்டில் பிக்கப்புகளுக்கும் பரவியது. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் எண்ணெயைத் தேக்கி வைத்து, எப்போது, எவ்வளவு பீச்சுவது என்பதைக் கணினி முடிவுசெய்யும். மிதிக்கும் இயந்திரத்திற்கும் இடையே இருந்த கம்பிகளும் மூட்டுகளும் அறுந்தன. லேண்ட் ரோவரில் மிதி இட்டது கட்டளை; இப்போதோ மிதி கொடுப்பது விண்ணப்பம். காற்று வந்து சேரும்வரை எண்ணெயைக் கணினி நிறுத்தி வைக்கிறது. அதனால் கரும்புகை குறைந்தது. இயந்திரம் குலுங்காதிருக்கவும் அது தாமதிக்கிறது. சில பெட்ரோல் வண்டிகளில், கியர் மாற்றக் காலை எடுத்த பின்னும் இயந்திரம் சற்று நேரம் விரைந்துகொண்டே இருப்பதும், புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கணினி செய்யும் வேலையே. பழைய ஓட்டுநர்க்கு இது எரிச்சலூட்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் நுரையீரலுக்கோ நன்மை.

2015இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸில், கையால் கியர் மாற்றும் வண்டிக்குப் புதிய வசதி ஒன்று சேர்ந்தது. கியரை இறக்கும்போது தேவையான துள்ளலைக் கணினியே கொடுத்துவிடும். அதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட 2.8 லிட்டர் வண்டியில், தானியங்கி கியருக்கு 450 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரப்பட்டது, கைக்கியருக்கு 420. 2020இல் தானியங்கி 500 ஆக உயர்ந்தது. கைக்கியர் 420இலேயே நின்றது. ஒரே இயந்திரத்தின் முழு வலிமையும் கணினியின் கைக்கே போகிறது. நம் நாட்டிலும் தானியங்கி மகிழுந்தை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் டிஏ உரிமத்தோடு இளையோர் பலர் நிறைவடைகின்றனர்.

கடந்த ஆண்டு இறுதியில், துள்ளலைத் தானே கொடுக்கும் பிக்கப் ஒன்றில் என் தங்கை மகன் எங்களைத் தாப்பாவிலிருந்து அழைத்துச் சென்றான். எண்பதைத் தாண்டிய அப்பா முன்னிருக்கையில் இருந்தார். ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், முன்சென்ற லோரிக்காகப் பிரேக்கை அழுத்தியவாறே பையன் கியரை இறக்கினான். இயந்திரம் ஒரு துள்ளு துள்ளி ஒத்துக்கொண்டது. அப்பா சட்டெனக் குனிந்து பேரனின் காலைப் பார்த்தார்.

“தம்பி, கால் பிரேக்குல இருக்கு. எண்ணெய் குடுத்தது யாரு?”

“வண்டியே குடுத்துக்கும் தாத்தா” என்று பொத்தானைக் காட்டினான்.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். ரிங்லெட் கடைத்தெரு கண்ணில் பட்டபோதுதான் வாய் திறந்தார்.

“சரியாத்தான் குடுக்குது. ஆனா பின்னால சுமை இல்ல.”